எண்ண விடாத வாக்குகள்

1998 நவம்பரில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் மக்கள் ஒரு கேள்விக்கு வாக்களித்தார்கள். எய்ட்ஸ், புற்றுநோய் போன்ற கொடிய நோய்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள், மருத்துவர் பரிந்துரைத்தால் கஞ்சாவைப் பயன்படுத்தலாமா, கூடாதா? வாக்குச்சீட்டில் கேள்வி அச்சாகியிருந்தது. மக்கள் வரிசையில் நின்று வாக்களித்துவிட்டுப் போனார்கள். ஆனால் முடிவு மட்டும் அறிவிக்கப்படவில்லை. தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய செலவின மசோதாவில் ஒரு பிரிவு சொருகப்பட்டிருந்தது. கஞ்சாவுக்கான தண்டனையைக் குறைக்கும் எந்த வாக்கெடுப்புக்கும் தலைநகரம் பணம் செலவிடக் கூடாது என்றது அந்தப் பிரிவு. கொண்டுவந்தவர் ஜார்ஜியா மாநிலத்து உறுப்பினர் பாப் பார். வாக்குகளைக் கூட்டி முடிவை வெளியிட ஆகும் செலவு 1 டாலர் 64 சென்ட் என்று கணக்கிட்டார்கள். அந்தத் தொகையையும் நகரம் தொடக் கூடாது.

விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதியின் உத்தரவுக்குப் பிறகு 1999 செப்டம்பரில்தான் முடிவு வெளியே வந்தது: 69 விழுக்காட்டினர் ‘ஆம்’ என்று சொல்லியிருந்தார்கள். முடிவு தெரிந்த பின்னும் அது நடைமுறைக்கு வர நாடாளுமன்றம் விடவில்லை. ஆண்டுதோறும் செலவின மசோதாவில் தடை புதுப்பிக்கப்பட்டது. 2009 இறுதியில்தான் அது நீங்கியது. மருந்தாக வாங்க முதல் கடை திறந்தபோது 2013 பிறந்துவிட்டது. வாக்களித்த நாளிலிருந்து ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள். எய்ட்ஸ் நோயாளியைப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்கச் சொல்வதற்கு என்ன பொருள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தடையைக் கொண்டுவந்த பாப் பார் பின்னாளில் மனம் மாறி, கஞ்சா சட்டச் சீர்திருத்தம் கேட்கும் அமைப்பு ஒன்றுக்காகவே வாதாடினார். அவருடைய மனமாற்றத்தை மதிக்கிறோம். ஆனால், தன் தொகுதியிலேயே இல்லாத ஒரு நகரத்தின் நோயாளிகளுடைய விதியைத் தனி ஒரு உறுப்பினரால் எழுதவும் பிறகு வேண்டாமென்று நினைக்கவும் முடிந்ததே, அந்த ஏற்பாடு இன்னும் அப்படியே இருக்கிறது. இன்று அதன் கை முன்னைவிட நீண்டிருக்கிறது. இந்தத் தலையங்கத்தை எழுதத் தூண்டிய கவலை அதுதான்.

கஞ்சா நல்லது என்று நாம் வாதிட வரவில்லை. வளரும் பிள்ளைகளின் மூளைக்கு அது கேடு என்று மருத்துவர்கள் சொல்வதை நம்புகிறோம். பதின்பருவத்துப் பிள்ளை கைக்கு அது போய்ச் சேராமல் தடுப்பது எந்த அரசுக்கும் கடமை என்றும் நம்புகிறோம். கேள்வி வேறு. ஒரு நகரத்து மக்கள் கூடிப் பேசி, வாதாடி, வாக்களித்து எடுத்த முடிவை, அந்த மக்களிடம் ஒரு வாக்கும் கேட்காதவர்கள் ரத்து செய்யலாமா?

வாஷிங்டன் மாநிலம் அல்ல; நம் வழக்கில் சொன்னால் யூனியன் பிரதேசம். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ 6 லட்சத்து 90 ஆயிரம் பேர் வசிக்கிறார்கள். வையோமிங், வெர்மான்ட் ஆகிய இரண்டு மாநிலங்களையும்விட இது அதிகம். அந்த மாநிலங்களுக்குத் தலா இரண்டு செனட் உறுப்பினர்கள். வாஷிங்டனுக்கு ஒருவரும் இல்லை. பிரதிநிதிகள் சபையில் ஒரே ஒரு பிரதிநிதி இருக்கிறார். மசோதா இறுதி வாக்கெடுப்புக்கு வரும்போது அவருக்கு வாக்கு கிடையாது. அந்நகர மக்கள் கூட்டாட்சி அரசுக்கு வரி கட்டுகிறார்கள், ராணுவத்தில் சேர்கிறார்கள். 1973-இல் இயற்றப்பட்ட தன்னாட்சிச் சட்டத்தின்படி மேயரையும் நகர மன்றத்தையும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அந்த மன்றம் இயற்றும் சட்டம் ஒவ்வொன்றும் நாடாளுமன்றத்தின் மேசைக்குப் போய்க் காத்துக்கிடக்க வேண்டும். நகரத்தின் பட்ஜெட்டும் அப்படியே.

2014 நவம்பர் 4 அன்று அந்த நகரம் மறுபடியும் வாக்களித்தது. 21 வயது நிறைந்தவர் இரண்டு அவுன்ஸ் வரை வைத்திருக்கலாம், வீட்டில் ஆறு செடி வரை வளர்க்கலாம், பணம் வாங்காமல் இன்னொருவருக்கு ஓர் அவுன்ஸ் வரை கொடுக்கலாம் என்பது முன்மொழிவு. கிட்டத்தட்ட 65 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். பொதுவாக்கெடுப்பில் நகரத்தின் வரவு செலவைத் தொடும் விஷயங்களைச் சேர்க்க முடியாது என்பதால், விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டத்தைப் பின்னால் நகர மன்றம் இயற்றுவதாகத் திட்டம்.

அந்த வாக்குக்குப் பின்னால் ஒரு வலி இருந்தது. அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தலைநகரில் கஞ்சா வைத்திருந்ததாகக் கைதாகும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு எட்டு மடங்கு அதிகம். கஞ்சா பயன்படுத்துவதில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கைவிலங்கு போடுவதில்தான் வித்தியாசம். ஒருமுறை கைதானவருக்கு வேலை விண்ணப்பத்தில், வாடகை வீட்டில் அந்தக் கறை தொடர்ந்து வரும். தங்கள் பிள்ளைகளைச் சிறைக்குப் போகும் பாதையிலிருந்து விலக்கவே அந்நகர மக்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள்.

அடுத்த மாதமே, அதாவது 2014 டிசம்பரில், பாப் பார் காட்டிய வழியிலேயே பதில் வந்தது. இந்த முறை மேரிலாந்து மாநிலத்து உறுப்பினர் ஆண்டி ஹாரிஸ். மயக்கவியல் மருத்துவரான அவர், இளையோரின் நலனுக்காகவே தடுப்பதாகச் சொன்னார். அவருடைய அக்கறையை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவருடைய தொகுதி செசபீக் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வாஷிங்டன் வாக்காளர் எவரும் அவரைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, தோற்கடிக்கவும் முடியாது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் எந்தச் சட்டத்தையும் இயற்ற நகரம் நிதி செலவிடக் கூடாது என்று அவருடைய பிரிவு சொன்னது. நகரம் தன் சொந்தக் குடிமக்களிடம் வசூலித்த வரிப்பணத்துக்கும் அந்தத் தடை பொருந்தும்.

அதே 2014 டிசம்பர் செலவின மசோதாவின் இன்னொரு பக்கத்தில் வேறொரு பிரிவும் இருந்தது. மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த மாநிலங்களின் ஏற்பாட்டில் கூட்டாட்சி நீதித்துறை தன் நிதியைக் கொண்டு குறுக்கிடக் கூடாது என்பது அது. உள்ளூர் முடிவை மதிக்க வேண்டும் என்ற நியாயத்தை நாடாளுமன்றம் அறிந்தே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மக்கள் வாக்களித்த நாளிலேயே சட்டம் பிறந்துவிட்டது, நாங்கள் புதிதாக எதையும் இயற்றவில்லை என்று மேயர் மியூரியல் பவுசர் வாதிட்டார். 2015 பிப்ரவரி 26 அன்று முன்மொழிவு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்தினம்வரை நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் அவருக்குக் கடிதம் எழுதி, சட்டத்தை மீறினால் சிறைத் தண்டனைக்கு உள்ளாக நேரலாம் என்று எச்சரித்துக்கொண்டிருந்தார்கள். தன்னைத் தேர்ந்தெடுத்த மக்களின் தீர்ப்பை நிறைவேற்றியதற்காக ஒரு மேயருக்குச் சிறை மிரட்டல்.

வைத்திருப்பது குற்றமில்லை என்றாயிற்று. விற்பனையை முறைப்படுத்துவதோ முடியாமல் போயிற்று. 2015 பிப்ரவரியில் விற்பனை விதிகளைப் பற்றி மக்கள் கருத்தைக் கேட்க நகர மன்றம் ஒரு விசாரணைக் கூட்டத்துக்கு நாள் குறித்தது. முறைப்படியான கூட்டம் நடத்தினாலே நிதித் தடையை மீறியதாகும் என்று நகரத்தின் தலைமை வழக்கறிஞர் எச்சரித்தார். உறுப்பினர்கள் அதைச் சாதாரணக் கலந்துரையாடலாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்கு, மக்கள் சொல்வதை முறைப்படி உட்கார்ந்து கேட்கவும் உரிமை இல்லை!

இதன் விளைவை நகரத்தின் கடைத்தெருக்களில் பல ஆண்டுகள் பார்க்க முடிந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டுவில்லையோ சின்ன ஓவியமோ டி-ஷர்ட்டோ வைத்திருப்பார்கள். ஐந்து டாலர்கூடப் பெறாத ஒட்டுவில்லைக்கு ஐம்பது டாலர் கொடுத்தால், கடைக்காரர் கூடவே ஒரு சிறு பொட்டலத்தை ‘அன்பளிப்பாக’ நீட்டுவார். பணம் வாங்காமல் கொடுக்கலாம் என்ற விதியின் இடுக்கில் முளைத்த வியாபாரம் இது. பொட்டலத்தில் இருப்பது எங்கே விளைந்தது, எந்தப் பூச்சிமருந்து தெளித்தது, பூஞ்சை பிடித்ததா என்று பார்க்க ஆய்வுக்கூடம் இல்லை. வாங்குபவரின் வயதைக் கட்டாயம் சோதிக்கவேண்டிய உரிமதாரர் இல்லை. வரி இல்லை. ரொக்கம் புழங்கும் இடம் என்பதால் கொள்ளையர் கண்ணும் அங்கேதான்.

இளையோரைக் காக்கவே தடை என்றார்கள். தடை உருவாக்கிய சந்தையில் இளையோருக்குத்தான் காவல் குறைவு. மதுக்கடைக்கு இருக்கும் கட்டுப்பாடும் இல்லாத கடைகளை ஒரு நகரத்தின் மீது சுமத்தியது அந்த நகரமல்ல. மேயரே விற்பனைச் சட்ட முன்வரைவைத் தயாரித்து வைத்திருந்தார், நிறைவேற்ற வழியில்லை. கடைசியில் நகர மன்றம் மருத்துவக் கஞ்சா சட்டத்தைத் திருத்தி, 21 வயது நிறைந்தவர் தனக்குத் தேவை என்று தானே உறுதிமொழி கொடுத்தால் நோயாளியாகப் பதிந்துகொள்ளலாம் என்று ஆக்கியது. அன்பளிப்புக் கடைகளை உரிமத்துக்குள் கொண்டுவர வாசல் திறந்தது. வராதவற்றை 2024 முதல் பூட்டத் தொடங்கியது. நோயே இல்லாதவர்களை நோயாளி என்று எழுதவைத்துத்தான் ஒழுங்கைக் கொண்டுவர முடிகிறது என்றால், அது அந்நகரத்தின் நேர்மைக் குறைவு அல்ல. நேரான வழியை அடைத்தவர்கள் அதற்குப் பொறுப்பு.

நகரத்தின் எல்லையில் ஈஸ்டர்ன் அவென்யூ என்றொரு சாலை. ஒரு பக்கம் வாஷிங்டன், மறுபக்கம் மேரிலாந்து. மேரிலாந்து மக்கள் 2022-இல் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினார்கள். 2023 ஜூலை 1 முதல் அங்கே உரிமம் பெற்ற கடைகளில் சோதனை செய்த சரக்கு, வயதுச் சான்று, வரி எல்லாமே உண்டு. ஆண்டி ஹாரிஸின் சொந்த மாநிலம் அது. அவருடைய சொந்த மாநிலத்து வாக்கு செல்லும். சாலையைக் கடந்தால் வாக்கு செல்லாது. மேரிலாந்தில் நியாயமாக வாங்கியதை எடுத்துக்கொண்டு சாலையைக் கடப்பவர், மாநில எல்லை தாண்டிப் போதைப்பொருள் கொண்டுபோனதாகக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி குற்றவாளியும் ஆகிறார்.

நகரத்துக்குள்ளேயே இந்தக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. டியூபான்ட் சர்க்கிள் என்ற நடுப்பூங்காவும், ராக் கிரீக் பூங்காவும், சாலை நடுவே இருக்கும் எத்தனையோ சின்னப் புல்வெளிகளும் தேசியப் பூங்காத் துறைக்குச் சொந்தம். நடைபாதையில் பையில் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பவர், குறுக்கே நடந்து பூங்காவுக்குள் கால் வைத்தால் ஓராண்டு வரையான சிறைக்கும் குறைந்தது ஆயிரம் டாலர் அபராதத்துக்கும் உரிய குற்றம் செய்தவராகிறார். இதில் ஏழைகளின் பாடு தனி. பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்கிறது நகரச் சட்டம். கூட்டாட்சி நிதியில் நடக்கும் அரசுக் குடியிருப்பில் புகைத்தால் வீட்டை இழக்க நேரும். சொந்த வீடுள்ளவருக்குக் கதவைச் சாத்திக்கொள்ள இடம் உண்டு. அரசுக் குடியிருப்பில் இருக்கும் கீமோதெரபி நோயாளிக்கு ஊர் முழுக்க ஓர் இடமும் இல்லை.

கூட்டாட்சி அரசுக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? அரசமைப்பிலிருந்தே வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. தலைநகரத்தின் மீது எல்லா விஷயங்களிலும் சட்டமியற்றும் தனி அதிகாரத்தை அமெரிக்க அரசமைப்பின் முதல் உறுப்பு நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கிறது. அதற்குக் காரணமான நிகழ்ச்சி 1783 ஜூனில் நடந்தது. சம்பள பாக்கி கேட்ட படைவீரர்கள் பிலடெல்பியாவில் நாடாளுமன்றம் கூடியிருந்த கட்டடத்தைச் சூழ்ந்தார்கள். பென்சில்வேனிய மாநில அரசு பாதுகாப்புக்குப் படையை அனுப்ப மறுத்தது. இனி எந்த மாநிலத்தின் தயவிலும் தேசிய அரசு இருக்கக் கூடாது என்று நாட்டை நிறுவியவர்கள் முடிவு செய்தார்கள். அரசு நடக்கும் இடத்துக்குக் காவலாகக் கொடுத்த அதிகாரம் அது. ஒரு வீட்டின் ஜன்னலோரத் தொட்டியில் வளரும் செடியால் நாடாளுமன்றத்துக்கு என்ன ஆபத்து வந்துவிடும்?

மாநிலங்களும் முழுப் பாதுகாப்பில் இல்லை. 1970-இல் வந்த கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து முதல் பட்டியலில் வைத்தது. அதிபர் நிக்சன் காலத்தில் அமைத்த ஆணையம், சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவரைக் குற்றவாளியாக்க வேண்டாம் என்று 1972-இல் சொன்னது, நிக்சன் ஏற்கவில்லை. 1996-இல் கலிபோர்னியா மக்கள் மருத்துவப் பயன்பாட்டை வாக்களித்து ஏற்றார்கள். ஆறு ஆண்டு கழித்து, அந்த மாநிலத்தின் பியூட் மாவட்டத்தில், முதுகெலும்பு நோயால் துன்பப்பட்ட ஒரு பெண்ணின் வீட்டுக்குக் கூட்டாட்சி அதிகாரிகள் போனார்கள். கூடவே போன மாவட்டப் போலீஸார், மாநிலச் சட்டப்படி தவறில்லை என்றார்கள். மூன்று மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு கூட்டாட்சி அதிகாரிகள் அவர் வளர்த்த ஆறு செடிகளையும் பிடுங்கி அழித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2005-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் கூட்டாட்சி அரசு வென்றது.

அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது. 24 மாநிலங்கள் கஞ்சாவை முழுமையாகச் சட்டபூர்வமாக்கிய பிறகும் அவை கூட்டாட்சி அரசின் பொறுமையை நம்பியே நடக்கின்றன. 2013-இல் ஒபாமா காலத்து நீதித்துறை, மாநிலச் சட்டப்படி நடப்பவர்களைத் துரத்த மாட்டோம் என்று குறிப்பாணை எழுதியது. 2018 ஜனவரியில் அடுத்த ஆட்சியின் தலைமை வழக்கறிஞர் ஜெஃப் செஷன்ஸ் ஒரே நாளில் அதைத் திரும்பப் பெற்றார். மாநிலங்களை நிலையாகக் காப்பாற்றுவது ஒரு விஷயம்தான்: மாநிலப் போலீஸைக் கூட்டாட்சி அரசு தன் வேலைக்குக் கட்டாயப்படுத்த முடியாது. வாஷிங்டனுக்கு அந்தக் கவசமும் கிடையாது.

மத்தியில் உள்ள அரசு உள்ளூர் பெரும்பான்மையை மீறவே கூடாதா என்று கேட்பார்கள். மீற வேண்டிய தருணங்கள் உண்டு. 1957-இல் ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் கறுப்பினக் குழந்தைகள் ஒன்பது பேர் பள்ளிக்குள் நுழைய ராணுவத்தை அனுப்பியது கூட்டாட்சி அரசுதான். அதைச் செய்யாமல் விட்டிருந்தால் பெரும் பாவம். உள்ளூர் பெரும்பான்மை சிறுபான்மையின் உரிமையைப் பறிக்கும்போது மேலிருக்கும் அரசு குறுக்கே நிற்கத்தான் வேண்டும். வாஷிங்டனில் நடந்தது அதற்கு நேர் எதிர். 1970-இல் பத்தில் ஏழு பேர் கறுப்பினத்தவராக இருந்த நகரம் அது. தங்கள் மீது விழும் கைதுகளைக் குறைக்கச் சொல்லி அந்நகர மக்கள் 2014-இல் வாக்களித்தார்கள். மேலிருக்கும் அரசு குறுக்கே வந்து அந்த வாக்கைப் பறித்தது.

இரண்டு கட்சிகளுக்கும் இதில் பங்குண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். தடையைக் கொண்டுவந்தவர்கள் குடியரசுக் கட்சியினர். ஆனால் தலைநகரை மாநிலமாக்குவோம் என்று பேசும் ஜனநாயகக் கட்சியினரும் அதைச் சுமந்துகொண்டே வந்திருக்கிறார்கள். அதிபர் பைடன் தன் பட்ஜெட் முன்மொழிவிலேயே இந்தத் தடையை விட்டுவைத்தார். அதே பைடன் 2022 அக்டோபரில், கூட்டாட்சிச் சட்டப்படியும் தலைநகரச் சட்டப்படியும் கஞ்சா வைத்திருந்ததாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்குப் பொது மன்னிப்பு அளித்தார். மன்னிப்பு கொடுக்க மனம் வந்தவருக்கு, வாக்கை மதிக்க மனம் வரவில்லை. செலவின மசோதா பேரத்தில் வேறு ஏதாவது ஒன்றைப் பெற வேண்டுமானால், விட்டுக்கொடுக்க எளிதான பொருள் தலைநகர மக்களின் உரிமை. தட்டிக்கேட்க அங்கே அவர்களுக்கு ஓர் ஓட்டும் இல்லையே.

இந்தப் பழக்கம் கஞ்சாவோடு நிற்கவில்லை என்பதே இன்றைய அபாயம். 2023-இல் நகர மன்றம் பல ஆண்டுகள் உழைத்துத் திருத்திய குற்றவியல் தொகுப்பை நாடாளுமன்றம் நிராகரித்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்படி நடந்ததில்லை. 2025 மார்ச்சில் நிறைவேறிய செலவின மசோதா, நகரத்தின் சொந்த வரிப்பணத்தில் சுமார் 100 கோடி டாலரை ஆண்டின் நடுவில் முடக்கும்படி அமைந்தது. செனட் உடனே திருத்தம் நிறைவேற்றி அனுப்பியும் பிரதிநிதிகள் சபை அதை எடுத்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அதிபர் டிரம்ப் நகரப் போலீஸைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தார். தேசியக் காவல் படை தெருக்களில் இறங்கியது. 1 டாலர் 64 சென்டைத் தடுத்த கையும் இந்தக் கையும் ஒன்றுதான். அன்று சின்ன விஷயம், போதைப்பொருள் விஷயம் என்று நாடு பேசாமல் இருந்தது.

இதில் அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கு நேரடியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வாஷிங்டனிலும் அதையொட்டிய மேரிலாந்து, வர்ஜீனியா புறநகர்களிலும் நம்மவர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். மாநிலத்தில் சட்டபூர்வம் என்ற பலகையை நம்பி ஏமாற வேண்டாம். குடிவரவு முழுக்கக் கூட்டாட்சி அரசின் கையில் இருக்கிறது. மாணவர் விசாவிலோ எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர், கஞ்சா பயன்படுத்தியதை அதிகாரியிடம் ஒப்புக்கொண்டாலே நாட்டுக்குள் திரும்ப நுழைய முடியாமல் போகலாம். உரிமம் பெற்ற கஞ்சாக் கடையில் வேலை பார்த்திருந்தாலும் குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தை இல்லை என்று கொள்ளலாம் என்று குடிவரவுத் துறை 2019 ஏப்ரலில் அறிவித்தது. பக்கத்து வீட்டு அமெரிக்கர் கடையில் ரசீது போட்டு வாங்கும் பொருள், நம் வீட்டுப் பிள்ளையின் எதிர்காலத்தையே முடித்துவிடக்கூடும்.

செய்ய வேண்டியது சிக்கலானது அல்ல. தலைநகரத்தின் கையைக் கட்டும் அந்தப் பிரிவைச் செலவின மசோதாவிலிருந்து நீக்க வேண்டும். விற்பதா, வேண்டாமா, எந்த வயதுக்கு, எந்த வரியில், பள்ளியிலிருந்து எத்தனை தூரத்தில் என்பதை அந்நகர மன்றமே முடிவு செய்யட்டும். தவறாக முடிவு செய்தால் அடுத்த தேர்தலில் அவர்களைத் தண்டிக்க அந்நகர மக்கள் இருக்கிறார்கள். கஞ்சா நாடு முழுக்கத் தடை செய்யப்பட வேண்டிய பொருள் என்று நாடாளுமன்றம் உண்மையில் நம்பினால், அதை வெளிப்படையாக விவாதித்து, மேரிலாந்துக்கும் கலிபோர்னியாவுக்கும் சேர்த்தே சட்டம் இயற்றி, தன் சொந்த வாக்காளர் முன் போய் நிற்கட்டும். பதில் சொல்ல முடியாத ஒரு நகரத்தின் மீது மட்டும் அந்த வீரத்தைக் காட்ட வேண்டாம்.

தலைநகரவாசிக்குத் தன் சார்பில் வாக்களிக்க நாடாளுமன்றத்தில் யாரும் இல்லை. அமெரிக்கக் குடியுரிமை பெற்று மேரிலாந்திலோ நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ வாக்குரிமையோடு இருக்கும் தமிழ் வாசகருக்கு ஒரு பிரதிநிதியும் இரண்டு செனட் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்தச் செலவின மசோதாவுக்கு வாக்களிப்பவர்கள் அவர்கள்தான். அடுத்த முறை அது வரும்போது வாஷிங்டன் மீதான அந்தப் பிரிவை நீக்கச் சொல்லி அவர்களுக்கு எழுதுங்கள்.